கறுப்பு டப்பாவுக்கு ஓய்வு

எனக்கு இதைச் சரியாகச் சொல்லத் தெரியுமா என்றே பயமாக இருக்கிறது, தம்பி. நான் தப்பாகச் சொன்னால் நீங்களும் தப்பாகத்தான் பதில் சொல்வீர்கள். நான் ஏழாவதோடு நின்றவள். கம்ப்யூட்டரில் வருகிற பெயர்கள் பாதி என் வாயில் நுழையாது. மகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மனசில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் மடியில் கம்ப்யூட்டர் பையை வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் கேட்டுவிடலாமா என்று தோன்றியது. பஸ் ஒட்டன்சத்திரம் வருகிறவரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். கேட்காமல் விட்டால் கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.

கொஞ்சம் காலை நகர்த்திக்கொள்ளுங்கள். அந்தத் தூக்கில் மாவு இருக்கிறது. சாய்ந்தால் கொட்டிவிடும். நாங்கள் திண்டுக்கல்லில் இட்லி மாவு போடுகிறோம். நான் ஆட்டுவேன், என் வீட்டுக்காரர் அருளப்பன் வண்டியில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவார்.

ஜெனிட்டா எங்களுக்கு ஒரே மகள். பி.எஸ்சி. முடித்துவிட்டு விளையாடுகிறாள். விளையாடுகிறாள் என்றால் பந்து இல்லை, கம்ப்யூட்டரில். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், எல்லார் கையிலும் துப்பாக்கி. இவளோடு சேர்ந்த மற்ற நாலு பெண்களும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். ரிஹானா என்று ஈரோட்டுப் பெண் ஒருத்திதான் கேப்டன். நான் அவளைப் பார்த்ததில்லை, குரலைத்தான் கேட்டிருக்கிறேன். நல்ல அதிகாரமான குரல்.

இன்றைக்குச் சாயங்காலம் அவர்களுக்குப் பெரிய போட்டி. ஜெயித்தால் ஒரு கம்பெனி ஐந்து பேரையும் சம்பளம் கொடுத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளுமாம். தோற்றால்கூடப் பரவாயில்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்கிறாள் ரிஹானா. ஆனால் மறுபடியும் ஜெனிட்டாவின் மிஷின் பாதியில் படுத்தால் அவளை எடுத்துவிட்டு வேறு பெண்ணைப் போட்டுவிடுவார்களாம். என் வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். "இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா பேசாம பி.எட். சேந்து டீச்சராகுற வழியப் பாரு." ஜெனிட்டா சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் இப்படி அடங்கிப் போனால்தான் எனக்குப் பயம். கத்தினால் பயமில்லை.

அந்த மிஷினுக்கு என்னதான் ஆனது? அதுதான் என் கேள்வி. பொறுங்கள், முழுக்கச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

அது லேப்டாப்தான். ஆனால் மடியில் வைக்க முடியாது, அத்தனை கனம். விளையாடுவதற்கென்றே செய்ததாம். பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து அவளே வாங்கினாள். விசையெல்லாம் சிவப்பும் பச்சையுமாக எரியும், தேர்ச் சப்பரம் மாதிரி. அவள் அறையில் இருக்கிற பிளக் லூஸ், பொறி பறக்கும். அதனால் ஹாலில் இருக்கிற பெரிய பிளக்கில் சொருகி, வயரை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே விட்டிருந்தோம். அந்த வயருக்கு நடுவில் ஒரு கறுப்பு டப்பா இருக்கும், பாதிச் செங்கல் அளவுக்கு. உங்கள் பையிலும் இருக்குமே, அதேதான். அது ஹாலில் தரையில் கிடக்கும், நான் மாவு பாக்கெட் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில்.

ஒருநாள் மதியம் என் கால் அதில் பட்டது. சுரீர் என்றது, தம்பி. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சட்டி மாதிரி.

நான் பயந்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காரணம் இல்லாமல் பயப்படுகிறவள் இல்லை. சின்ன வயதிலேயே பஞ்சு மில்லுக்குப் போனேன். அங்கே மேஸ்திரி ஒரு பழக்கம் வைத்திருந்தார். மிஷின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். கை தாங்கினால் ஓடலாம், தாங்காவிட்டால் நிறுத்த வேண்டும். ஒரு தடவை மேஸ்திரி லீவு. ஒரு மிஷின் கொதித்தது. புதிதாக வந்த சூப்பர்வைசர், "அது சூடாகத்தாம்மா செய்யும், ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பஞ்சில் பற்றிக்கொண்டது. என் பக்கத்து மிஷினில் நின்ற ரெஜினாவின் கை இரண்டும் வெந்துபோனது. அன்றைக்கு முடிவு செய்தேன், சூடாகத்தான் செய்யும் என்று எவன் சொன்னாலும் கேட்பதில்லை என்று.

வீட்டிலும் அப்படித்தான். கிரைண்டரை நடுவில் நிறுத்தித்தான் ஆட்டுவேன். மிக்ஸியை விட்டு விட்டுத்தான் ஓட்டுவேன். எதிர்வீட்டில் மிக்ஸி காயில் கருகித் தெருவே நாறியது. என் மிக்ஸி கல்யாணத்துக்கு வந்தது, இன்றைக்கும் ஓடுகிறது. எந்த மிஷினாக இருந்தாலும் அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்க வேண்டும். மனுஷனுக்குக் கொடுக்கிறோமோ இல்லையோ, மிஷினுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அதனால் டப்பா சுட்டதும் சுவிட்சை அணைத்தேன். ஆறின பிறகு போட்டேன். உள்ளே கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை, தம்பி! அது பாட்டுக்கு ஓடுகிறது. பேட்டரிதான் நிறைய இருக்கிறதே. தொட்டி நிறைந்த பிறகும் மோட்டாரை ஓடவிடுவோமா? எனக்கு நிம்மதியாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் விளையாட உட்கார்ந்தால் நான் மாவு கட்டிக்கொண்டே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். சுட்டால் அணைப்பேன், ஆறினால் போடுவேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "எதையும் தொடாதம்மா" என்பாள். அவளுக்கு நான் எதைத் தொட்டாலும் கோபம்.

அது கிடக்கட்டும், அது வேறு விஷயம். கோளாறுக்கு வருகிறேன். அந்த வாரம்தான் அது ஆரம்பித்தது.

திரையின் மூலையில் ஒரு எண் ஓடுமாம். நூறுக்கு மேலே இருந்தால் படம் தண்ணீர் மாதிரி ஓடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எண் படக்கென்று முப்பது, இருபது என்று விழுந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த இவளுடைய ஆள் நொண்டி நொண்டி நிற்பான். எதிராளி சாவகாசமாகச் சுட்டுவிட்டுப் போவான். காதில் மாட்டியிருக்கிற கருவியில் ரிஹானா கத்துவது ஹால்வரைக்கும் கேட்கும். "ஏய் ஜெனி, தூங்கிட்டியா? நட்டநடு ரோட்டுல நின்னு என்னடி வேடிக்கை பாக்குற?"

"அம்மா! மறுபடி விழுந்துருச்சும்மா!" என்று ஜெனிட்டா கூப்பாடு போடுவாள்.

நான் எழுந்து ஓடுவேன். ஓடுவதற்கு முன்னால், அணைத்த சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் ஓடுவேன். வெளியே வந்து பார்த்தால் திட்டுவாளே. நான் போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பதற்குள் எண் மேலே ஏறிவிடும். ஜெனிட்டா என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

"பாத்தியா, நீ வந்ததும் சரியாயிருச்சு. உன் ராசியே ராசிதாம்மா."

பொய் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பாராட்டிப் பல நாள் ஆகியிருந்தது.

ஆனால் அவள் சும்மா விடவில்லை. விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். கம்ப்யூட்டரையே மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி போட்டாள், காலேஜில் எடுத்த போட்டோ எல்லாம் போயிற்று. நெட் கம்பெனியை மாற்றினாள். அடியில் காற்று போகட்டும் என்று நாலு பாட்டில் மூடியை முட்டுக்கொடுத்து வைத்தாள். எண் விழுந்தது, தானாகச் சரியாகிவிட்டது, மறுபடி விழுந்தது. ஒரே மாதிரி விழுந்தால் கண்டுபிடித்துவிடலாமாம். "இது நெனச்சா வருது, நெனச்சா போகுதும்மா, பேய் புடிச்ச மாதிரி" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பிரபு என்கிற பையனை வரச் சொன்னோம். அவன் அடியில் இருக்கிற மூடியைக் கழற்றித் தூசியை ஊதினான். வெள்ளையாக ஏதோ பசை தடவினான். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தான். குதிரை மாதிரி ஓடுகிறது! எப்படி விழும்? நான்தான் பக்கத்திலேயே காபி டம்ளரோடு நிற்கிறேனே.

அவன் சொன்னான். "சூடுதாங்கா பிரச்சனை. இந்த மாதிரி லேப்டாப்புக்கு சூடுதான் எமன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்! படித்த பையன் வாயால் சொல்கிறான். நான் ஜெனிட்டாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சார்ஜரெல்லாம் ஒழுங்கா இருக்காக்கா?" என்று கேட்டான்.

"அதப் பத்திக் கவலப்படாத தம்பி. அத நான் பாத்துக்கறேன். சூடாகவே விடுறதில்ல" என்றேன்.

அவன் தலையை நிமிர்த்தி, "சூடாக விடுறதில்லன்னா?" என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவன் போன் அடித்தது. பேசிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து இன்னும் கவனமாக இருக்க ஆரம்பித்தேன். முன்னே கை தாங்காத சூடு வந்தால்தான் அணைப்பேன். இப்போது வெதுவெதுப்பு ஏறினாலே அணைத்துவிடுவேன். என்ன பிரயோஜனம்? கோளாறு அதிகமாகத்தான் ஆனது. முன்னே ஒரு ஆட்டத்தில் ஒரு தடவை விழுந்தது, அப்புறம் ஆட்டத்துக்கு நாலு தடவை விழுந்தது. நான் இத்தனை பார்த்துக்கொண்டும் இப்படி என்றால், பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள் தம்பி, தூறல் விழுகிறது. உங்கள் பை நனையும்.

அப்புறம் ஃபாதரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கச் சொன்னேன். ஜெனிட்டாவுக்குப் பிடிக்கவில்லை. "சாமிக்கும் லேப்டாப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றாள். ஆனாலும் முக்காடு போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஃபாதர் நல்ல மனுஷன், தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளிக்கிறவர். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. முறத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி அந்த டப்பா மேல் கவிழ்த்தேன். "என்னம்மா, கோழிக்குஞ்சா?" என்று கேட்டார். "கரெண்டு ஃபாதர்" என்றேன். அதற்கப்புறம் அவர் ஹாலில் தெளிக்கவே இல்லை. ஒருவேளை அதனால்தான் பலிக்கவில்லையோ என்னவோ.

கடைசியில் ஜெனிட்டாவே ஒன்றைக் கண்டுபிடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் விழுவதில்லை. எழுந்து போனால்தான் விழுகிறது. முதலில் விளையாட்டாகத்தான் சொன்னாள். அப்புறம் நிஜமாகவே, ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் என் சேலை முந்தானையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவ்வளவு படித்த பெண், தம்பி. "எந்திரிக்காதம்மா, ப்ளீஸ்மா" என்பாள். நான் உட்காருவேன். திரை தண்ணீர் மாதிரி ஓடும். அவள் சிரிப்பாள், ரிஹானா பாராட்டுவாள். "ஜெனி, இன்னைக்கு நீ தீயா ஆடுறடி!"

தீ என்றாளா! எனக்கு உள்ளே திக்கென்றது. ஹாலில் அந்த டப்பா கொதித்துக்கொண்டு கிடக்குமே. பக்கத்தில் பிளாஸ்டிக் கவர் கட்டு வேறு. கை இங்கே இருக்கும், மனசு அங்கே இருக்கும். எத்தனை நேரம்தான் உட்கார முடியும்? அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். போய்த் தொட்டால் நினைத்த மாதிரியே கொதிக்கும். அணைப்பேன். உள்ளேயிருந்து, "அம்மா!" என்று சத்தம் வரும்.

அப்படித்தான் போன மாதம் ஒரு போட்டி போனது. முடிந்த பிறகு அவள் என்னைத் திட்டவில்லை. "ஏம்மா எந்திரிச்ச?" என்று மட்டும் கேட்டாள். அழுதுகொண்டே கேட்டாள். பாலைக் காட்டலாம் என்றால் அடுப்பில் பாலே இல்லை.

அப்புறம்தான் ஜெனிட்டா, இந்த வீட்டிலேயே ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டி, மிஷினைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போய் ஒரு வாரமாகிறது. அங்கே ஒரு தடவைகூட விழவில்லையாம். தினமும் போனில் சொல்கிறாள், குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். நாம் கட்டின வீட்டைப் பற்றி இப்படிச் சொல்கிறாளே என்று கொஞ்சம் உறுத்தல், அது போகட்டும். வயரிங்கை முழுக்க மாற்றச் சொல்லி இவரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் காலையில் கூப்பிட்டாள். "அம்மா, நாளைக்கு நீ வரியா? இங்க நல்லாத்தான் ஓடுது. ஆனா பயமா இருக்கும்மா. நீ பக்கத்துல உக்காந்தா போதும்." கிளம்பாமல் இருப்பேனா? ஆட்டின மாவோடு கிளம்பிவிட்டேன். இவர்கூட, "போ, போய் உக்காரு. உன் ராசியாவது அவளக் கரையேத்தட்டும்" என்றார். பி.எட். என்று கத்துகிற மனுஷன்தான், பஸ் ஏற்றிவிடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என்ன தம்பி? என்னமோ சொல்ல வருகிறீர்கள். டப்பா சூடாவது சாதாரணம்தானா? எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ரெஜினாவின் கையைப் பார்த்திருந்தால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். சுவிட்சை அணைத்தால் வேகம் குறையுமா? எப்படிக் குறையும்? பேட்டரி நிறைய இருக்கிறது என்று சொன்னேனே. நான் சொல்வதைச் சரியாகக் கேட்கவில்லை நீங்கள். இதற்குத்தான் முதலிலேயே பயந்தேன், தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று. முழுக்கக் கேளுங்கள், இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

நேற்று அவள் போனை வைத்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வாரமாக அந்த டப்பாவை யார் தொட்டுப் பார்த்தார்கள்? யார் ஆறவிட்டார்கள்? மூன்று மாடி, அத்தனையும் வயசுப் பெண்கள். அறைக்கு அறை மெத்தையும் துணியும். சாயங்காலம் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கவும் கூடாது. போன தடவை மாதிரி நடுவில் எழுந்து வந்து அவளை அழவிட நான் தயாராக இல்லை. உட்காரவும் வேண்டும், டப்பாவும் ஆற வேண்டும். மாவு ஆட்டிக்கொண்டே யோசித்தேன், சாமத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே யோசித்தேன்.

இன்றைக்குக் காலையில் ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் போட்டேன். ஸ்டெல்லா மேரி என்று பெயர். என் வயசுதான் இருக்கும், என்னை மாதிரியே பயந்த சுபாவம். விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ, அவ்ளோ கொதிக்குமா? எனக்கு யாருமே சொல்லலையே!" என்றார். அறைகளில் யாராவது திருட்டுத்தனமாக அயர்ன் பாக்ஸ் போட்டால் நிறுத்துவதற்கு, பிளக்குக்கு மட்டும் மாடிப்படிக்குக் கீழே தனி சுவிட்ச் வைத்திருக்கிறார்களாம். லைட்டும் ஃபேனும் வேறு லைனாம். நெட் பெட்டி ஆபீசில் இருக்கிறதாம். அணைத்தால் மேலே ஒருத்திக்கும் தெரியாது.

"மேட்ச் நடக்கும்போதுமா அணைக்கணும்?" என்று கேட்டார்.

"அப்பதாங்க ஜாஸ்தி சூடாகும். ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல ஒரு தடவ அணைங்க. ஆறவிட்டுப் போடுங்க. மறுபடி அணைங்க. முடியிற நேரத்துல கண்டிப்பா அணைச்சிருங்க, மறந்துராதீங்க" என்றேன்.

"நான் சேர் போட்டு அங்கயே உக்காந்துக்கறேன், நீங்க தைரியமா வாங்க" என்றார். தங்கமான மனுஷி.

வார்டன் நம்பரா? எதற்குத் தம்பி? அது போனில்தான் இருக்கிறது. பஸ் ஏறினதுமே போனை அணைத்து, கைக்குட்டையில் சுற்றிப் பைக்கு அடியில் போட்டுவிட்டேன். சூட்டில் வெடிக்கிறது என்கிறார்களே. இறங்கித்தான் போடுவேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது பேச? ஏன் இப்படி வியர்க்கிறது உங்களுக்கு, தண்ணீர் குடிக்கிறீர்களா?

நான் இன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன். அவள் தோளில் கை வைத்துக்கொண்டு கடைசிவரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.